அனுப்புநர் முகவரி வேண்டாம் கண்ணு: பிள்ளைகளுக்கு மெயில் எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பள்ளிப் பாடம் சிலருக்குத் தமிழில், சிலருக்கு ஆங்கிலத்தில் என்று வளரும் பிள்ளைகள்.

போன வருடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓவியப் போட்டிக்குப் படம் அனுப்ப வந்தாள். அந்தப் போட்டியின் செய்தி வாட்ஸ்அப்பில் பல கை மாறி அவள் அம்மாவின் போனுக்கு வந்திருந்தது. நடத்துவது யார் என்று அதில் இல்லை. ஒரு மெயில் முகவரி மட்டும் இருந்தது. அவள் உட்கார்ந்து தன் முதல் மெயிலை அடித்து முடித்திருந்தாள். போய்ப் பார்த்தால், மேலே 'அனுப்புநர்' என்று போட்டு, தன் பெயர், அப்பா பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, கடைசியில் அப்பாவின் செல் நம்பர் வரைக்கும் எழுதியிருந்தாள்.

"இதையெல்லாம் எதுக்குக் கண்ணு போட்டே?"

"தமிழ் டீச்சர் இப்படித்தானுங்க எழுதச் சொன்னாங்க."

அவள் சொன்னது சரிதான். பள்ளியில் கடிதம் எழுதுவதை அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறோம். தபாலில் போகும் கடிதத்துக்குப் பதில் வர வேண்டுமானால் அனுப்புநர் முகவரி வேண்டும். மெயிலுக்கு அது தேவையே இல்லை. பதில் தானாக அவள் பெட்டிக்கே வந்துவிடும். அந்தப் பழைய பாடத்தை நல்லபடியாகக் கற்ற பிள்ளைதான் தன் வீட்டுக்கு வழி சொல்லும் குறிப்பை முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்ப இருந்தாள்.

அன்றிலிருந்து மெயில் வகுப்பை ஒரே கேள்வியில் தொடங்குகிறேன்: "அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" தெரிந்த டீச்சர் என்றால் அவருக்கு எப்படி எழுதினால் மனம் கோணாது என்று யோசிப்பார்கள். தெரியாத ஆள் என்றால் எதைச் சொல்லக் கூடாது என்று யோசிப்பார்கள். மரியாதையையும் பாதுகாப்பையும் தனித்தனிப் பாடமாக நடத்திப் பார்த்தேன், இரண்டுமே மனதில் நிற்கவில்லை. இந்தக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லும்போது நிற்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். ஒரு படிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சின்னதாக இருந்தால் இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

முதல் படி: கணக்கு யாருடையது?

கூகுளில் ஒரு பிள்ளை தானாகவே கணக்கு வைத்துக்கொள்ள இந்தியாவில் 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால், கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோருக்கான வசதி வழியாக அம்மாவோ அப்பாவோ தங்கள் கணக்கோடு இணைத்து உருவாக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் சரியான வழி. அதுவும் கஷ்டமாக இருந்தால், அம்மாவின் கணக்கிலிருந்தே அம்மா பக்கத்தில் இருக்கும்போது எழுதிப் பழகட்டும். முதல் ஆறு மாதத்துக்கு அது போதும்.

பலரும் செய்வது, பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு கணக்குத் திறப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளையைப் பெரிய ஆளாக நினைத்து, பெரியவர்களுக்கான விஷயங்களை எல்லாம் அந்தக் கணக்கு காட்டத் தொடங்கும். அதைவிட, பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் முதல் இணையப் பாடமே பொய் சொல்வதாகிவிடும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே வைத்து, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளையின் கணக்கில் பெற்றோருக்கு வேலை இருக்கிறது என்று சட்டமே சொல்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் போடக் கணினி மையத்துக்குப் போவோம். மெயில் முகவரி கேட்கும் இடத்தில், நம்மிடம் இல்லை என்றால் மையத்தின் முகவரியையே போட்டுவிடுவார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. சான்றிதழ் குறைகிறது, திருத்தி அனுப்புங்கள் என்று வந்த மெயில் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்து, கடைசி நாளும் போய்விட்டது. பிள்ளை எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது குடும்பத்துக்கென்று ஒரு முகவரி இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: பெயரும் கடவுச்சொல்லும்

முகவரியில் பிறந்த வருடம், ஊர்ப் பெயர், பள்ளியின் பெயர் வேண்டாம். பெயரோடு அப்பா, அம்மாவின் முதல் எழுத்து, பிறகு அர்த்தம் இல்லாத இரண்டு எண்கள் என்றால் போதும். சினிமா நடிகரின் பட்டப்பெயரைச் சேர்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். நாளைக்குக் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ கல்லூரி விண்ணப்பத்தில் இதே முகவரியைத்தான் எழுதப் போகிறாய் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கடவுச்சொல்லுக்கு நம் மொழி நல்ல துணை. ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பனங்கிழங்கு, சைக்கிள், கொசுவலை, மத்தளம் என்பது போல. நடுவில் ஓர் எண். இந்த நான்கையே போடக் கூடாது, பிள்ளையே யோசித்து எடுக்க வேண்டும். நாய்க்குட்டியின் பெயர், செல் நம்பர், பிறந்த தேதி எல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவை. கடவுச்சொல்லோடு ஒரு குறியெண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, குறியெண் அம்மாவின் போனுக்கு வருமாறு வையுங்கள்.

கடவுச்சொல்லை நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பது தப்பில்லை. போனில் படம் எடுத்து வைப்பதுதான் தப்பு. அம்மா, அப்பாவுக்கு அது தெரிந்திருக்கட்டும், ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். "இந்த வாரம் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒளிந்து பார்த்தோம் என்று தெரிந்த நாளோடு பிள்ளை நம்மிடம் பிரச்சினை சொல்வதை நிறுத்திவிடும்.

கேரளத்துப் பள்ளிகளில் ஐ.டி. ஒரு பாடம், பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வும் உண்டு. அதனால் பிள்ளைகள் லேபில் பொதுக் கணினியில் உட்காருவார்கள். அங்கே மெயிலைத் திறந்தால் 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று கேட்பதற்கு வேண்டாம் என்று சொல்லவும், எழுந்திருக்கும் முன் லாக் அவுட் செய்யவும் பழக்குங்கள். ஜன்னலை மூடினால் வெளியே வந்தாயிற்று என்றுதான் முக்கால்வாசிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

மூன்றாம் படி: முதலில் தாளில்

ஒரு தாளில் பள்ளிக் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, உள்ளடக்கம், இப்படிக்கு. பக்கத்தில் கணினியில் வெற்று மெயிலைத் திறந்து வைத்து, எது எங்கே போகிறது என்று கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பெறுநர் மேலே உள்ள கட்டத்துக்கு, பொருள் அடுத்த கட்டத்துக்கு, விளியும் உள்ளடக்கமும் இப்படிக்கும் பெரிய கட்டத்துக்கு. அனுப்புநருக்குக் கோடு போட இடமே இருக்காது. அங்கே நிறுத்தி, அதைச் சிவப்புப் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். தன் கையால் அடித்த பிள்ளை மறக்காது.

பிறகு மூன்று வட்டம் வரையுங்கள். உள்வட்டத்தில் வீட்டார், நேரில் தெரிந்த உறவுக்காரர். நடுவட்டத்தில் டீச்சர், வாயனசாலை, வகுப்புத் தோழர். வெளிவட்டத்தில் நேரில் பார்த்திராத எல்லோரும். வீட்டு முகவரி, செல் நம்பர், எந்த நேரத்தில் எங்கே தனியாக இருப்போம் என்பது, வீட்டுச் சண்டை, பணக் கஷ்டம் எல்லாம் உள்வட்டத்தைத் தாண்டக் கூடாது. வகுப்பும் பள்ளியும் நடுவட்டம் வரை போகலாம். வெளிவட்டத்துக்குப் பெயர் மட்டும், அதுவும் வீட்டில் கேட்டுவிட்டு. 'திங்கள் முதல் வெள்ளி வரை நாலு மணிக்கு டியூஷன் போவேன்' என்பது விவரமே இல்லை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதுதான் பெரிய விவரம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

நான்காம் படி: கீழிருந்து மேலே எழுதுவது

மெயில் திறந்ததும் மேலே பெறுநர் கட்டம் இருப்பதால் அதை முதலில் நிரப்புகிறோம். அப்புறம் பாதி எழுதும்போது கை பட்டு அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு வேறு வரிசை பழக்குங்கள்: முதலில் இணைப்பு, பிறகு உள்ளடக்கம், பிறகு பொருள், கடைசியில்தான் பெறுநர். முகவரி இல்லாத மெயில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் போகாது. 'இதோடு இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு இணைக்க மறக்கும் வழக்கமும் இதனால் நின்றுவிடும்.

பொருள் வரி ஏழெட்டுச் சொல்லுக்குள் இருக்கட்டும். 'வணக்கம்', 'டீச்சர்', 'முக்கியம்' என்பவை பொருளே இல்லை. நூறு மெயிலுக்கு நடுவில் டீச்சர் இதை அடுத்த வாரம் தேட வேண்டி வந்தால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? அந்தச் சொல் பொருள் வரியில் இருக்க வேண்டும்.

உள்ளடக்கத்துக்கு நான் சொல்வது: நான் யார், என்ன வேண்டும், எப்போது வேண்டும், நன்றி. ஒரு பையன் எழுதிய முதல் வரைவு இது:

'டீச்சர் ப்ராஜெக்ட் எப்ப குடுக்கணும் சீக்கிரம் சொல்லுங்க'

மூன்று முறை திருத்திய பிறகு:

'பொருள்: 7 பி அறிவியல் செயல்திட்டம், ஒப்படைக்கும் தேதி

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான் 7 பி வகுப்பு (பெயர்). காய்ச்சலால் புதன்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அறிவியல் செயல்திட்டத்தை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று தெரியவில்லை. நேரம் கிடைக்கும்போது சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் வார இறுதியில் வேலையை முடித்துவிடுவேன்.

நன்றி டீச்சர்.
(பெயர்)'

பாருங்கள், இரண்டாவதில் 'சீக்கிரம்' இல்லை. ஏன் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்ற காரணம் வந்ததும் அவசரம் தானாகப் புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த இடத்தைத்தான் நிறுத்திக் காட்ட வேண்டும். காரணம் சொன்னால் கட்டளை வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் இருப்பவராக நினைத்துக்கொண்டு. முகம் சுளிக்கிற இடத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: எந்த மொழியில் மரியாதை?

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய பாடம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் பேச்சில் மரியாதை ஒட்டிக்கொண்டே வரும். 'வாங்க', 'சரிங்க', 'இல்லீங்க' என்று எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தானாக வருகிறது. அதே பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ங்க' விழுந்துவிடுகிறது. 'நோட்ஸ் அனுப்புங்க டீச்சர்' என்பது மனதில் பணிவாகத்தான் இருக்கிறது. 'சென்ட் மீ த நோட்ஸ்' என்று மெயிலில் போய் விழும்போது அதட்டலாகிவிடுகிறது. 'ஐ வான்ட்' என்று தொடங்கும் வாக்கியத்தை எல்லாம் 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கி மாற்றி எழுதும் பயிற்சி கொடுங்கள். 'உன் ங்க எங்கே போச்சு?' என்று கேட்டால் போதும், எங்கள் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் ஆங்கிலத்தில் கத்துவது போல இருக்கும் என்பதையும் இதோடு சொல்லிவிடலாம்.

மலையாளத்தில் வேறு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'நீங்கள்' மரியாதைச் சொல். மலையாளத்தில் 'நிங்ஙள்' என்று டீச்சரை நேராகச் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படலாம். அங்கே பெரியவர்களுக்கு அந்தச் சொல்லைத் தவிர்த்து 'டீச்சர்', 'சார்' என்றே திரும்பச் சொல்வார்கள்: 'டீச்சர் சொன்ன புத்தகம்', 'டீச்சருக்கு நேரம் இருந்தால்' என்பது போல. அதேபோல 'அவசரம்' என்ற சொல். நமக்கு அது விரைவு. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். பொருள் வரியில் ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லைப் போட்டு மலையாளி ஆசிரியருக்கு அனுப்பினால், என்ன வாய்ப்பு என்று அவர் தேடுவார். தெரியாத மொழியில் அரைகுறையாக எழுதுவதைவிட, இருவருக்கும் தெரிந்த மொழியில் எளிமையாக எழுதுவது நல்லது. தமிழ் தெரிந்த டீச்சருக்குத் தமிழிலேயே எழுதட்டும். தமிழைத் தமிழ் எழுத்திலேயே அடிக்கப் பழக்குங்கள், போனில் விசைப்பலகை இருக்கிறது.

எப்படி விளிப்பது என்பதில் இந்த ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து, தன் அலுவலகத்துக்கு வருபவர்கள் 'சார்', 'மேடம்' என்று அழைக்க வேண்டியதில்லை, மனுவில் கெஞ்சும் சொற்களும் வேண்டாம் என்று 2021-ல் தீர்மானம் போட்டது. 2023 ஜனவரியில் கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் ஆசிரியர்கள் எல்லோரையும் 'டீச்சர்' என்றே அழைக்கலாம் என்று சொன்னது. இதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன். மரியாதை வேறு, குனிந்து கும்பிடுவது வேறு. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், தயவுகூர்ந்து மன்னிக்கவும்' என்று நான்கு வரி எழுதத் தேவையில்லை. 'வணக்கம்', தெளிவான கேள்வி, 'நன்றி'. அது போதும்.

நண்பனுக்கு எழுதும்போது பேச்சுத் தமிழும் சிரிப்புப் பொம்மையும் இருக்கலாம். ஆனால் மூன்றாவது பிள்ளையைப் பற்றி அதில் எழுதியது அந்தப் பிள்ளையின் கைக்கே போகக்கூடும். அவன் பார்த்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: நகல் கட்டங்கள்

பால் சொசைட்டியில் கார்பன் தாள் வைத்து ரசீது போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு 'சிசி' என்பதை விளக்குவது சுலபம். அதுதான் கார்பன் நகல். ஒருவருக்கு எழுதுகிறோம், இன்னொருவருக்கும் அது தெரியட்டும் என்று நகல் போடுகிறோம். 'பிசிசி' மறைவான நகல். அதில் இருப்பவரை மற்றவர்கள் பார்க்க முடியாது. வகுப்பில் இருபது பேருக்குச் சேர்த்து அனுப்பும்போது முகவரிகளை அங்கே போட்டால், ஒருவர் முகவரி மற்றவருக்குப் போகாது.

எங்கள் வகுப்பில் ஒரு விதி: பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெளிவட்டத்துக்கு எழுதும் எந்த மெயிலிலும் அம்மாவோ அப்பாவோ 'சிசி'யில் இருக்க வேண்டும், மறைவாக இல்லாமல் தெரியும்படி. நல்ல எண்ணத்தோடு பதில் எழுதுபவருக்கு அதனால் ஒரு சங்கடமும் இல்லை. 'அம்மாவை எடுத்துவிட்டு எழுது' என்று எவராவது சொன்னால், அதுவே போதுமான எச்சரிக்கை.

எல்லோருக்கும் சேர்த்துப் பதில் அனுப்பும் 'ரிப்ளை ஆல்' பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: இணைப்பு

படம் அனுப்பும் முன் படத்தின் ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சீருடையில் பள்ளிச் சின்னம் இருக்கிறதா, பின்னால் வீட்டுக் கதவு எண் தெரிகிறதா, வண்டி நம்பர் இருக்கிறதா? போன் கேமராவில் இடத்தைப் பதியும் வசதி போட்டிருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதைப் போனின் அமைப்பில் (செட்டிங்ஸ்) நிறுத்திவிடுங்கள்.

ஆதார் கேட்டு மெயில் வந்தால் பிள்ளை அனுப்பக் கூடாது, பெரியவர்தான் அனுப்ப வேண்டும். அதுவும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி அனுப்பலாம். கோப்புக்கு 'ஸ்கேன் 3' என்று விடாமல் பெயரும் பொருளும் வரும்படி பெயர் வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும், அதற்கு மேல் என்றால் இணைப்பு கூகுள் டிரைவ் சுட்டியாக (லிங்க்) மாறிவிடும்.

எட்டாம் படி: முப்பது வினாடி

ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தும் வசதி இருக்கிறது. சாதாரணமாக 5 வினாடிதான் கிடைக்கும். கணினியில் அமைப்புக்குள் போய் 30 வினாடியாக மாற்றி வையுங்கள். பிள்ளை அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, பெறுநர் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லட்டும். இந்த நேரம் கடந்துவிட்டால் அது அவர் பெட்டியில் இருக்கும், நம்மால் திரும்ப எடுக்க முடியாது.

கோபத்தில் எழுதியது என்றால் 30 வினாடி போதாது. பெறுநர் கட்டத்தைக் காலியாக விட்டு வரைவிலேயே ஒரு இரவு கிடக்கட்டும்.

ஒன்பதாம் படி: வருகிற மெயிலைப் படிப்பது

எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பாதி ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மெயில் முகவரியின் நடுவில் சுழித்துப் போட்ட குறியைப் பற்றி முதலில் சொல்லுங்கள். ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் 1971-ல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பியபோது அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவர் இருக்கும் வீடு. மெயிலின் மேலே தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 'கல்வித் துறை' என்றுகூட வைக்கலாம். அதனால் பெயரைத் தொட்டு முகவரியைத் திறந்து வலப்பக்கத்தைப் படிக்க வேண்டும், அதிலும் கடைசிப் பகுதியை. அரசு முகவரிகள் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். 'கேரளா கவ்' என்று நடுவில் வந்து கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் அது அரசு இல்லை. வலப்பக்கம் சரியாக இருந்தாலும் கேட்பது விசித்திரமாக இருந்தால், போன் செய்து கேட்கலாம். எண்ணை அந்த மெயிலிலிருந்து எடுக்கக் கூடாது.

அப்புறம் மூன்று வாசனைகளைச் சொல்லிக்கொடுங்கள். அவசரப்படுத்துவது: இன்று இரவுக்குள் செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும். ஆசை காட்டுவது: லேப்டாப் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டு. ரகசியம் கேட்பது: வீட்டில் சொல்லாதே. முதல் இரண்டும் பணத்துக்காக வருபவை. மூன்றாவது வேறு வகை. பாராட்டி, நட்பாகப் பேசி, பல வாரம் கழித்துப் படம் கேட்பவர்கள் அதைச் சொல்வார்கள். பிள்ளைக்கு நேராகவே சொல்லுங்கள்: அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதுபவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், அந்த மெயிலை அன்றைக்கே அம்மாவிடம் காட்ட வேண்டும்.

இதைப் படமாக விளக்குவதைவிட விளையாட்டாக நடத்தலாம். ஐந்து மெயில்களைத் தாளில் எழுதி வையுங்கள்: இரண்டு உண்மையானது போல, மூன்று பொய்யானது. பிள்ளைகள் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு வாசனையைக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் அவர்களையே பொய் மெயில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி, மீனாட்சிபுரம் சந்தையில் ஆடு பரிசு விழுந்திருக்கிறது என்று எழுதினாள். அதை எழுத அவள் எவ்வளவு யோசித்தாள் என்று பார்த்தேன். ஏமாற்றுபவர் எங்கே கைவைப்பார் என்று அவளுக்கு அன்று புரிந்துவிட்டது.

சுட்டியைத் தொடும் முன் அழுத்திப் பிடித்தால் அது எங்கே போகிறது என்று தெரியும். சந்தேகம் இருந்தால் தொட வேண்டாம். பொய் மெயிலுக்குத் திட்டிப் பதில் எழுதவும் கூடாது. பதில் போனால் இந்தப் பெட்டியை ஒருவர் திறந்து படிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் என்று புகார் செய்து, முகவரியைத் தடுத்துவிட்டால் முடிந்தது.

பத்தாம் படி: ஏதாவது நடந்துவிட்டால்

இதற்கு முன்பே, ஒன்றும் நடக்காத ஒரு நாளில், பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: "நீ தப்பாக ஏதாவது அனுப்பிவிட்டாலும் என்னிடம் சொன்னால் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டுபவர்கள் நம்பி இருப்பதே 'வீட்டில் தெரிந்தால் அடி விழும்' என்ற பயத்தைத்தான்.

மெயிலை அழிக்காதீர்கள். திரையைப் படம் எடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்தாலும் மூல மெயில் இருக்க வேண்டும். அது எந்த வழியாக வந்தது என்ற விவரம் அதன் தலைப்பகுதியில்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பிள்ளைகள் தொடர்பான எந்த ஆபத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பிள்ளையே கூப்பிடலாம். ஒன்றிய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, அதில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். படம் கேட்டு மிரட்டுவது போக்சோ சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம். கேட்டவர்தான் குற்றவாளி என்று பிள்ளையின் காது கேட்கச் சொல்லுங்கள்.

யாருக்கு எழுதிப் பழகுவது?

பயிற்சிக்கென்று பொய்யாக எழுதினால் பிள்ளைக்கு இரண்டாவது வாரமே சலித்துவிடும். உண்மையாகப் பதில் போடும் ஆள் வேண்டும். திருப்பூரில் இருக்கும் பெரியப்பா, துபாயில் இருக்கும் மாமா, பொள்ளாச்சிக்கு மாறிப்போன பழைய டீச்சர் என்று மூன்று பேரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வரியாவது பதில் போட வேண்டும், அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கேள்வி இருந்தால்தான் பிள்ளை திரும்ப எழுதும்.

பிறகு ஜூன் 19 வாசிப்பு நாளை ஒட்டி, படித்த புத்தகத்தைப் பற்றி வாயனசாலைக்கு ஒரு மெயில் எழுதட்டும். அதற்கும் அடுத்து, தெருவிளக்கு எரியவில்லை, பள்ளி முன்னால் வேகத்தடை வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு எழுதலாம், அம்மாவை 'சிசி'யில் வைத்து. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை கேட்டு எழுதினார்கள். பதில் வரப் பதினொரு நாள் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பதில் வந்த அன்றைக்கு, நான் ஒன்றும் சொல்லாமலேயே, ஓவியப் போட்டிக்கு எழுத வந்தாளே அந்தப் பெண், முகவரியின் வலப்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயிலைத் திறந்தாள்.